வெட்டு மறிச்சுக் கிடந்த ரப்பர் மரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் தப்பு செய்தது நான்தான்.

2024 ஜூலை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'எங்கள் ஊர்த் தொழில்' என்று ஒரு செயல்திட்டம் கொடுத்திருந்தேன். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஊர்த் தொழில் என்றால் வேறென்ன, ரப்பர்தான். எல்லாரும் எழுதிக் கொண்டு வந்தார்கள். அதில் ஒன்று கலர் பிரிண்ட், ஆறு பக்கம், ஸ்பைரல் போட்டது. பிரேசில் காடு, 1876-ல் ஹென்றி விக்காம் அங்கிருந்து விதையை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனது, அங்கிருந்து ஆசியாவுக்கு வந்தது, எல்லாம் வரிசையாக இருந்தது. அட்டையில் தொப்பி போட்ட ஒருவர் ரப்பர் மரத்தை வெட்டிக்கொண்டிருக்கும் அழகான படம். பத்துக்குப் பத்து போட்டேன். இன்னொன்று, கோடு போட்ட தாளில் ஆறே வரி. "எங்க அப்பா மூணு மணிக்கு வெட்டுக்கு போவார். தலையில் லைட்டு கட்டுவார். வெயில் வந்தால் பால் நின்னு போகும்." இரண்டு எழுத்துப் பிழை, படம் கிடையாது. மூன்று மார்க்.

நல்லதை எல்லாம் வகுப்புச் சுவரில் ஒட்டினோம். மறுநாள் இடைவேளையில் அந்த மூன்று மார்க் பையன் கலர் படத்துக்கு முன்னால் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னவென்று கேட்டேன். "டீச்சர், இதுல வெட்டு மறிச்சு கெடக்கு."

எனக்குப் புரியவில்லை. விரலால் காட்டினான். வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் சரிந்து இறங்க வேண்டும், இதில் வலப்பக்கம் மேலே இருந்து இடப்பக்கம் இறங்குகிறது. "இப்படி வெட்டினா பால் குறையுமாக்கும்." வீட்டுக்கு வந்து பழைய புத்தகத்தைப் புரட்டினேன். அவன் சொன்னது சரி. பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக நிற்பதில்லை, கொஞ்சம் வலப்பக்கமாகச் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக சுமார் 30 டிகிரி சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும், பால் கூடும். படம் ஏஐ போட்டது. கட்டுரையும் அதுதான் எழுதியது என்று அதைக் கொண்டு வந்த பிள்ளையே பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அப்பா வளைகுடாவில், அண்ணன் இன்ஜினியரிங் படிக்கிறான், வீட்டில் வைஃபை உண்டு, அவன் கையில் தனிப் போன் உண்டு. இருந்ததைப் பயன்படுத்தினான். எனக்கு உறுத்தியது வேறு. ரப்பரைப் பற்றி வகுப்பிலேயே அதிகம் தெரிந்தவனுக்கு மூன்று போட்டுவிட்டு, வெட்டு மறிச்சுக் கிடக்கும் படத்துக்குப் பத்து போட்டிருக்கிறேன்.

ஏஐ வந்தால் ஏழைப் பிள்ளைக்கும் வீட்டுக்குள்ளேயே டியூஷன் வாத்தியார் கிடைத்துவிடுவார் என்று அதற்கு முன்னால் நானும்தான் பேசிக்கொண்டு திரிந்தேன். 2022 நவம்பர் 30-ல் சாட்ஜிபிடி வந்த அடுத்த மாதங்களில் எல்லாரும் அதைத்தான் பேசினார்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பெஞ்சமின் புளூம் 1984-ல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. தனியாக ஒருவருக்கு ஒருவர் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால், சராசரிப் பிள்ளை சாதாரண வகுப்பில் இருக்கும் 98 சதவீதம் பேரைத் தாண்டிவிடும் என்றார். பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை, ஆனாலும் தனிக் கவனிப்புக்குப் பலன் உண்டு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. டியூஷனுக்குக் காசு கட்ட முடிகிற வீடு, முடியாத வீடு, இந்த வித்தியாசத்தை இயந்திரம் அழித்துவிடும் என்று நினைத்தேன். என் வகுப்பில் முதல் வருடம் நடந்தது நேர் எதிர். ஏற்கெனவே இருந்தவனுக்கு இன்னும் கொஞ்சம் கிடைத்தது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் எங்கள் மாவட்டம்தான், 91.75 சதவீதம். அதைச் சொல்லியே நாங்கள் ஏமாந்துவிடுகிறோம் என்று தோன்றும். ஒரே மாவட்டத்துக்குள் கடற்கரை, வயல், ரப்பர்த் தோட்டம், காடு எல்லாம் இருக்கிறது, ஒரு மணி நேர பஸ் தூரத்தில் பிள்ளைகளின் நிலைமை தலைகீழாக மாறும்.

சரி, போன் கதைக்கு வருகிறேன். அந்த ஆகஸ்டில் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் போன் யாரிடம், எப்போது கையில் கிடைக்கும் என்று ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கேட்டேன். 'வீட்டில் ஸ்மார்ட்போன் உண்டா' என்று மட்டும் கேட்டிருந்தால் ஏறக்குறைய எல்லாரும் உண்டு என்றிருப்பார்கள், நானும் நிம்மதியாகப் போயிருப்பேன். எப்போது கிடைக்கும் என்று கேட்டபோதுதான் விஷயம் வந்தது. பால்வெட்டுக்காரர் வீட்டில் இரவு எட்டு மணிக்கு எல்லாரும் படுத்துவிடுவார்கள், போன் அப்பா தலைமாட்டில், ஏனென்றால் இரண்டரைக்கு அலாரம் அடிக்க வேண்டும். பகலில் அம்மா அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, எடுத்துக்கொண்டு போவார். அண்ணன் இருக்கிற வீட்டில் தங்கச்சிக்குப் போன் கிடைக்காது. ஒரு பெண் பிள்ளை சொன்னாள், "கிட்டும் டீச்சர், அண்ணன் குளிக்கப் போவும்போ." பத்து நிமிடம்.

இன்னொன்றும் சொன்னார்கள், அதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. எங்களுக்கு இரண்டு மழை. ஜூனில் தொடங்கும் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. மழை பெய்தால் பட்டை நனையும், வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. கூலி இல்லையென்றால் முதலில் நிற்பது ரீசார்ஜ். அது போதாதென்று இலை உதிரும் காலம், பிப்ரவரி மார்ச்சில் மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள், அதுவும் சரியாகப் பரீட்சை நேரம். எந்த ஏஐ கம்பெனிக்காரனும் ரப்பர் மரம் இலை உதிர்க்கும் மாதத்தை நினைத்து ஆப் செய்யப் போவதில்லை. அதை நாம்தான் நினைக்க வேண்டும்.

அப்புறம் நான் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. அந்த வருடம் என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வு எழுதப் போகிற பிள்ளைகள் பதினொரு பேரைச் சாயங்காலம் என் வீட்டு சிட்அவுட்டில் உட்கார வைத்தேன். தெரியாதவர்களுக்காக: அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் படிக்கிற, வீட்டு ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகாத பிள்ளைகள் எழுதலாம். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 90 கேள்வி, 90 நிமிடம். மனத்திறன் ஒன்று, பாடம் ஒன்று. கோச்சிங் புத்தகம் வாங்கி, டியூஷன் போய் எழுதுகிற பிள்ளைகளோடு எங்கள் பிள்ளைகளும் உட்கார வேண்டும்.

போன் ஒன்றே ஒன்று, என்னுடையது. பிள்ளைகள் கையில் தனித்தனியாகக் கொடுக்கவில்லை. அதற்குக் காரணம் காசு மட்டுமில்லை. யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் கொடுத்த வழிகாட்டியில் வகுப்பறையில் இந்த மாதிரி ஏஐ-க்குக் குறைந்தபட்ச வயது 13 என்று சொல்லியிருக்கிறது, என் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்போதுதான் பதின்மூன்றைத் தொட்டிருந்தார்கள். அதோடு, தனியாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஜூலையிலேயே பார்த்துவிட்டேனே.

முதல் வாரம் சொதப்பல். 'சதவீதம் பற்றி விளக்கு' என்று தட்டினேன். இரண்டு பக்கத்துக்குச் சுத்தமான தமிழில் விளக்கம் வந்தது, பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது, இந்த விளக்கம் புத்தகத்திலேயே இருக்கிறது, அது புரியாமல்தானே இங்கே வந்திருக்கிறார்கள். பிறகு மாற்றினேன். இப்போது நான் தொடங்கும்போது போடுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "நீ விடை சொல்லாதே. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேர் இருக்கிறார்கள். ஒரு நேரம் ஒரே ஒரு கேள்வி கேள். தப்பாகச் சொன்னால் எந்த இடத்தில் தப்பு என்று கண்டுபிடிக்க ஒரு குறிப்பு மட்டும் கொடு. மூன்று தடவை தப்பாகச் சொன்னால் மட்டும் செய்து காட்டு. வாக்கியம் சின்னதாக இருக்கட்டும்." நாலைந்து கேள்வி போனதும் அது பழையபடி விடையைக் கொட்டத் தொடங்கும், மறுபடி நினைவூட்ட வேண்டும். வீட்டு வேலை சொன்னால் மறக்கிற பிள்ளை மாதிரிதான்.

சதவீதம் வராத பையன்களில் நம்ம மூன்று மார்க் பையனும் ஒருவன். நூற்றுக்கு எத்தனை என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் சும்மா கேட்டேன், உங்க வீட்டில் பாலை உறைய வைத்து ஷீட் அடிப்பீர்களா, பாலாகவே கொடுப்பீர்களா என்று. "பாலாட்டு குடுப்போம். டிஆர்சி பாத்துதான் பைசா."

டிஆர்சி என்றால், பாலில் தண்ணீர் போக உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்கிற கணக்கு. கடையில் மெட்ரோலாக் என்று ஒரு கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்க விட்டுப் பார்ப்பார்கள். டிஆர்சி 35 என்றால் எவ்வளவு ரப்பர்? "நூறு கிலோ பாலுக்கு முப்பத்தஞ்சு கிலோ." 18 கிலோ பாலுக்கு? யோசித்தான். "பத்து கிலோவுக்கு மூணரை... எட்டு கிலோவுக்கு ரெண்டு எண்ணூறு... ஆறு முந்நூறு." பேனாவைத் தொடவில்லை. "லேய், அது சதவீதம்தாம்டே" என்று பக்கத்தில் இருந்தவன் அவன் முதுகில் ஒன்று போட்டான். அவனோ என்னைச் சந்தேகமாகப் பார்த்தான், இவ்வளவுதானா என்பது மாதிரி.

அன்று இரவு இயந்திரத்திடம் டிஆர்சி என்றால் என்ன, எங்கள் ஊரில் பால் எப்படி விற்கிறார்கள், அண்டி ஆபீசில் கிலோ கணக்கில் கூலி எப்படி, பேச்சிப்பாறை அணையில் தண்ணீரை அடிக் கணக்கில் எப்படிச் சொல்வார்கள் என்று நானே நீளமாக எழுதிக் கொடுத்து, இதை வைத்து மட்டும் இருபது சதவீதக் கணக்கு போடு என்றேன். ஒரு நிமிடத்தில் வந்தது. இந்த இடத்தில்தான் ஏஐ எனக்கு உண்மையிலேயே கை கொடுத்தது என்பேன். ஊர்ப் பிள்ளைக்கு ஏற்ற மாதிரி இருபது கணக்கை நானே யோசித்துப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போய்விடும், அதனால்தான் இத்தனை வருடம் அதை நான் செய்யவே இல்லை.

ஆனால் அந்த இருபதையும் பேனா எடுத்து நானே செய்து பார்த்தேன். மூன்றில் கோளாறு. ஒன்றில் கொடுத்த நான்கு விடைகளிலும் சரியான விடை இல்லவே இல்லை. செய்து பார்க்காமல் ஜெராக்ஸ் எடுத்திருந்தால், பிள்ளைக்குத்தான் தன் மேல் சந்தேகம் வரும், இயந்திரத்தின் மேல் வராது. டியூஷன் போகிற பிள்ளை அங்கே கேட்டுத் திருத்திக்கொள்வான். போகாத பிள்ளை? அதனால் எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன், நான் கையால் செய்து பார்க்காத எதுவும் பிள்ளைகள் கைக்குப் போகாது. இதனால் வேகம் பாதியாகக் குறைந்தது. குறையட்டும்.

மனத்திறன் தாளில் எழுத்துக்களை வைத்து வரும் கேள்விகளில் இயந்திரம் திரும்பத் திரும்பத் தப்பு செய்தது. 'கன்னியாகுமரி' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று ஒரு பிள்ளை விளையாட்டாகக் கேட்டாள். பன்னிரண்டு என்றது. எல்லாரும் விரல் விட்டார்கள்: க, ன், னி, யா, கு, ம, ரி. ஏழு. ஓ என்று சத்தம். எனக்குச் சிரிப்பு வந்தாலும் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று குடைந்தது. கணினியில் உயிர்மெய் எழுத்து ஒரே துண்டாகச் சேமிக்கப்படுவதில்லை, 'னி' என்றால் 'ன' ஒன்று, அந்த இகரக் குறி ஒன்று. 'ன்' என்றால் 'ன' ஒன்று, புள்ளி ஒன்று. அப்படி எண்ணினால் சரியாகப் பன்னிரண்டு வரும். மறுநாள் பிள்ளைகளுக்கு அதையே பாடமாக எடுத்தேன். யூனிகோடு என்றால் என்ன என்று எட்டாம் வகுப்பில் யாரும் கேட்க மாட்டார்கள், இவர்கள் கேட்டார்கள்.

இதில் சமத்துவப் பிரச்சினை ஒன்றும் ஒளிந்திருக்கிறது. இந்த மாதிரி ஏஐ எழுத்தைத் துண்டு துண்டாக, டோக்கன் என்று சொல்வார்கள், வெட்டித்தான் படிக்கும், அளவும் கட்டணமும் கணக்கிடுவது டோக்கனுக்குத்தான். ஒரே செய்தி ஆங்கிலத்தில் கொஞ்சம் துண்டு, தமிழில் பல மடங்கு. 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ ஜிபிடி-4ஓ வெளியிட்டபோது ஒரு மாதிரி வாக்கியத்துக்குத் தமிழில் 116 டோக்கன் ஆனது இப்போது 35 ஆகிவிட்டது என்று அவர்களே பெருமையாகப் போட்டிருந்தார்கள். நல்லதுதான். அதுவரை தமிழில் கேட்டவன் மூன்று மடங்கு சுமை தூக்கியிருக்கிறான் என்றும் அதைப் படிக்கலாம்.

பேச்சு இன்னொரு கூத்து. தட்டச்சு வராத பிள்ளைகள் குரலில் கேட்கட்டும் என்று விட்டேன். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகள் பேச்சு உங்களுக்குத் தெரியும். ஒருத்தி கேட்டாள், "வெள்ளம் எத்தன டிகிரியில தெளைக்கும்?" எங்களுக்கு வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். அதுவோ வெள்ளப் பெருக்கு, பேரிடர் மேலாண்மை, பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள் என்று போய்விட்டது. மரச்சீனி பற்றிக் கேட்டால் மரத்திலிருந்து எடுக்கும் சர்க்கரை என்றது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், ஆனால் அந்தப் பெண் அதற்குப் பிறகு ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. தன் பேச்சு தப்பு என்று நினைத்துவிட்டாள். நான் அன்றைக்கே அவள் பக்கம் நின்றிருக்க வேண்டும், நானும் சிரித்தேன்.

அதன் பிறகு ஒரு நோட்டு போட்டோம். 'அதுக்கு அறியாத வார்த்தை' என்று பெயர். இடப்பக்கம் எங்கள் சொல், வலப்பக்கம் பாடப்புத்தகச் சொல். வெள்ளம் - தண்ணீர், தெளைக்கும் - கொதிக்கும், மரச்சீனி - மரவள்ளிக் கிழங்கு. ஒவ்வொரு நாளும் தொடங்கும்போது அந்தப் பட்டியலைப் போட்டோ எடுத்து இயந்திரத்துக்குக் கொடுத்துவிடுவேன். அப்புறம் பிழை பெருமளவு குறைந்தது. வாயைத் திறக்காத பெண்தான் அந்த நோட்டின் பொறுப்பாளி. நூற்று நாற்பது சொல் தாண்டிவிட்டது, பாதி அவள் ஆச்சியிடமிருந்து வந்தது.

ஊர் வரலாறு கேட்டால் இன்னும் மோசம். கன்னியாகுமரி மாவட்டம் எப்படி உருவானது என்று கேட்டபோது திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது என்று அவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னது. 1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் வந்து சேர்ந்ததுதான் இந்த மாவட்டம். தமிழகத்தோடு இணையப் போராடிய மார்ஷல் நேசமணி பெயரையும், அந்தப் போராட்டத்தில் நடந்த 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டையும் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அது தப்பென்று உடனே தெரியும். வேறு எத்தனை விஷயத்தில் தெரியாமல் தலையாட்டியிருக்கிறோமோ. அதனால் வரலாறு, குடிமையியல் இரண்டையும் அதனிடம் கேட்பதை நிறுத்திவிட்டேன். பாடப்புத்தகப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் கொடுத்து, இதில் இருப்பதை வைத்து மட்டும் கேள்வி கேள் என்றால் ஒழுங்காகச் செய்கிறது.

வாசிக்கச் சிரமப்படுகிற பையன் ஒருவன் இருந்தான். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான், ஒரு பத்தி முடிவதற்குள் தொடக்கம் மறந்து போகும். அறிவியல் பக்கத்தைப் போட்டோ எடுத்து மெதுவாக வாசிக்க விட்டு, அவன் விரல் வரியோடு போகும்படி பழக்கினேன். சிரமம் எழுத்தில்தான், மூளையில் இல்லை என்று மூன்றாவது நாளே தெரிந்தது, கேட்டதும் விடை சொன்னான். எட்டு வருடம் அவனை 'மக்கு' என்று உட்கார வைத்திருந்தோம். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் இல்லை.

திருத்துகிற வேலையை மட்டும் அதனிடம் கொடுக்கவில்லை. இதில் நான் பிடிவாதம். 2020-ல் கொரோனாவால் பரீட்சை நடக்காமல் போனபோது இங்கிலாந்தில் ஒரு அல்காரிதம் வைத்து ஏ-லெவல் என்ற பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண் போட்டார்கள். ஆசிரியர்கள் கணித்துக் கொடுத்த மதிப்பெண்களில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதத்தை அது குறைத்தது. பள்ளியின் பழைய தேர்ச்சியைப் பார்த்து அது முடிவு செய்ததால், பின்தங்கிய பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளை மாட்டிக்கொண்டது. சின்ன வகுப்புகள் உள்ள தனியார் பள்ளிகளுக்கோ ஆதாயம். பிள்ளைகள் தெருவுக்கு வந்த பிறகு ஆகஸ்ட் 17-ல் வாபஸ் வாங்கினார்கள். அது இன்றைய சாட்ஜிபிடி மாதிரி ஏஐ கூட இல்லை, வெறும் கணக்குச் சூத்திரம்தான்.

எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர், பிள்ளைகள் ஏஐ-யில் காப்பி அடிக்கிறார்களா என்று பார்க்க ஒரு கண்டுபிடிப்புக் கருவியில் ஆங்கிலக் கட்டுரைகளைப் போட்டுப் பார்த்தார். மாட்டியது யார் தெரியுமா, புத்தகத்தை வரி வரியாக மனப்பாடம் செய்து எழுதுகிற பிள்ளை. கையால் வகுப்பில் உட்கார்ந்து எழுதியது. 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள், ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வில் எழுதிய கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை அந்தக் கருவிகள் ஏஐ எழுதியது என்று தப்பாகச் சொல்லியிருக்கின்றன. எளிமையான, பழகிய வாக்கியங்களில் எழுதினால் இயந்திரம் என்று முத்திரை. நம் பிள்ளைகள் வேறெப்படி எழுதுவார்கள்? அந்த டீச்சரிடம் சொன்னேன், கேட்டுக்கொண்டார்.

காசுக் கணக்கு கேட்கிறவர்களுக்கு. நான் கட்டணம் கட்டவில்லை, இலவசத்திலேயே ஓட்டினேன். 2025 கடைசியில் பல கம்பெனிகள் ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று இலவசமாகத் திறந்துவிட்டன, அப்படிக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பிள்ளைகளின் படிப்பை அதன் மேல் கட்டாதீர்கள், முடிகிற தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள். எனக்குச் செலவான பணம் ஜெராக்ஸுக்குத்தான், பக்கம் இரண்டு ரூபாய். மழைக் காலத்துக்கு என்று முன்கூட்டியே கட்டுக் கட்டாக எடுத்து வைத்துவிடுவேன். விடுதியில் தங்கிப் படிக்கிற காணிக்காரப் பழங்குடிப் பிள்ளைகள் இரண்டு பேர் லீவுக்கு மலைக்குப் போனால் சிக்னலே இருக்காது, அவர்கள் கையில் தாள்தான் போகும். ஏஐ போட்டது, நான் திருத்தியது, பேனாவால் செய்ய வேண்டியது. புத்திசாலித்தனமான திட்டம் எதையும்விட அந்தத் தாள் கட்டுதான் அதிக தூரம் போனது.

இன்னொன்று, அவசரத்தில் நானே செய்ய இருந்தேன். வருமானச் சான்றிதழ், ஆதார், எமிஸ் என்ற மாணவர் அடையாள எண் எல்லாம் உள்ள பட்டியலைப் போட்டோ எடுத்து, 'இதை அட்டவணையாக்கு' என்று கொடுக்கப் போனேன். கடைசி நொடியில் கை நின்றது. பிள்ளைகளின் பெயர்கூட நான் அதில் போடுவதில்லை, ஒன்றாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளைதான்.

பிப்ரவரியில் தேர்வு எழுதினார்கள். பதினொரு பேரில் இரண்டு பேர் தேறினார்கள். ஏஐ இல்லாமலே அந்த இரண்டு பேரும் தேறியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன், அதை மறைத்து வெற்றிக் கதை எழுத மனம் வரவில்லை. நம்ம பையன் தேறவில்லை. பாடத் தாளில் நன்றாக வந்து, மனத்திறனில் போய்விட்டது.

ஆனால் ஜூனில், பள்ளி திறந்து மழை தொடங்கியிருந்த நேரம், அவன் அம்மா ஒரு சாயங்காலம் சிட்அவுட்டுக்கு வந்தார். சேலை முந்தியில் ஒரு துண்டுச் சீட்டு. "டீச்சரே, அந்தப் போன்ல கேட்டுச் சொல்லுங்க. போன வாரம் பதினெட்டு கிலோ பாலுக்கு ஆயிரத்து நூத்தி இருபத்தெட்டு தந்தாவ. இந்த வாரமும் பதினெட்டு கிலோதான். ஆயிரத்து இருபத்தாறு தந்திருக்காவ. விலை ரெண்டு வாரமும் நூத்தி தொண்ணூறுதான். நூறு ரூவா எங்க போச்சு?"

நான் போனை எடுக்கவில்லை. பையனைக் கூப்பிட்டேன். சீட்டில் டிஆர்சி 30 என்று இருந்தது. போன வாரம் எவ்வளவு என்று அம்மாவைக் கேட்டான், முப்பத்து மூன்று. தரையில் உட்கார்ந்து எழுதினான். பதினெட்டில் முப்பத்து மூன்று சதவீதம், ஐந்து கிலோ 940. பதினெட்டில் முப்பது சதவீதம், ஐந்து கிலோ 400. இரண்டையும் நூற்றுத் தொண்ணூறால் பெருக்கினான். ஆயிரத்து நூற்று இருபத்தெட்டு ரூபாய் அறுபது காசு. ஆயிரத்து இருபத்தாறு. "அம்மா, மழையில பால்ல வெள்ளம் கூடிப்போச்சு. அதாக்கும் டிஆர்சி குறஞ்சது. கணக்கு சரியாட்டு இருக்கு."

அம்மா சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைக்காரர் ஏமாற்றவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று எனக்குப் பட்டது. "அப்போ அந்த அறுபது பைசா?" என்றார்.